நிஜ மனுஷங்களோட வேஷத்துல நடிச்சப்போ அச்சு அசலா அவங்கள மாதிரியே இருந்த நடிகர்கள் யார் யாரு?

இந்தக் கேள்விய பாத்ததும் எங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அவரு விருதுநகர் பக்கம் ஒரு சின்ன டவுன்ல முப்பது வருஷத்துக்கு மேல நாடக டிரஸ், மேக்கப் சாமான் எல்லாம் வாடகைக்கு விடுற கடை வச்சிருந்தாரு. கோயில் திருவிழா நாடகம் கொறைய கொறைய ஸ்கூல் மாறுவேடப் போட்டிதான் எங்களுக்கு சோறு போட்டுச்சு. ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள், இந்த நாலு தேதிக்கும் முந்தின நாள் சாயந்திரம் கடைல நிக்க இடம் இருக்காது. நான் பத்து வயசுலேர்ந்து அங்கதான் நின்னு பிள்ளைங்களுக்கு மீசை ஒட்டியிருக்கேன், அதனால இந்த "அச்சு அசல்" விஷயத்துல எனக்கு கொஞ்சம் கருத்து இருக்கு, நீளமா போனா பொறுத்துக்கங்க.

என்னோட பதில் முதல்லயே சொல்லிடுறேன். சாயாஜி ஷிண்டே, 2000ல வந்த பாரதி படம்.

பாரதி வேஷம் போடுறது ரொம்ப சுலபம்னு எல்லாரும் நெனப்பாங்க. வெள்ளை முண்டாசு, கருப்பு கோட்டு, முறுக்கு மீசை, நெத்தில பொட்டு, முடிஞ்சது. முண்டாசு கட்டுறதுல மட்டும் எங்கப்பா ஒரு பக்குவம் வச்சிருந்தாரு, ரெண்டு கஜம் மல்லுத் துணிய எடுத்து முதல் சுத்து காதுக்கு மேல இறுக்கமா, அடுத்த சுத்தெல்லாம் தளர்வா விட்டு, கடைசி முனைய தோள்ல விழுற மாதிரி தொங்க விடுவாரு, இறுக்கி முழுசா சுத்திட்டா பாரதி போயி கல்யாண மாப்பிள்ளை வந்துருவான்னு சொல்லுவாரு. அது சரியா வந்துட்டா அஞ்சு வயசு பொம்பளப் பிள்ளை கூட பாரதிதான், தூரத்துலேர்ந்து பாத்தா யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா கிட்ட வந்தா? அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. பாரதியோட போட்டோ நமக்கு கெடச்சிருக்கறதே கைவிரல்ல எண்ணுற அளவுதான், அதுல எத எடுத்துப் பாத்தாலும் முதல்ல நம்மள பிடிச்சு நிறுத்துறது மீசையோ முண்டாசோ இல்ல, அந்தக் கண்ணு. சாப்பாட்டுக்கு இல்லாத உடம்பு, ஒட்டிப்போன கன்னம், அதுக்கு நடுவுல அப்படி ஒரு கண்ணு. "மீசைய ஸ்பிரிட் கம் போட்டு ஒட்டிரலாம்டா, கண்ண எங்கிட்டு வாங்கி ஒட்டுறது"ன்னு அப்பா சொல்லுவாரு.

அந்தப் படம் வந்தப்போ அப்பா என்னையும் கூட்டிட்டுப் போனாரு. அவரு போனது மீசை எப்படி ஒட்டியிருக்காங்கன்னு பாக்கத்தான். படம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல முன் சீட்டு கம்பிய பிடிச்சுக்கிட்டு முன்னாடி சாஞ்சவரு இடைவேளை வரைக்கும் அப்படியேதான் இருந்தாரு. இடைவேளைல முறுக்கு வாங்கிக் குடுத்துட்டு என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, "அந்தாளு எந்த ஊரு?"

மராட்டிக்காரர்னு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. எட்டயபுரத்துல பொறந்த மனுஷனுக்கு பொருத்தமான மூஞ்சிய டைரக்டர் ஞான ராஜசேகரன் மகாராஷ்டிராவுல போயி கண்டுபிடிச்சிருக்காரு. குரல் அவரோடது இல்ல, தமிழ்ல வேற ஒருத்தர் பேசுனது. ஆனா அந்தக் குரலையும் மீறி அந்த மூஞ்சி நின்னுச்சு. பாரதி சாகும்போது வயசு 38தான், ஷிண்டேவுக்கு அப்போ நாப்பது பக்கம், அந்த வயசு பொருத்தமும் பெரிய விஷயம்னு நான் நெனக்கிறேன். நம்ம மனசுல பாரதின்னா ஒரு பெரியவர் மாதிரி பதிஞ்சு போச்சு, உண்மைல அந்தாளு நாப்பத தொடவே இல்ல.

இதுல இன்னொண்ணும் இருக்கு. தமிழ்நாட்டுல அதுக்கு முன்னாடி ஷிண்டேவ யாருக்குமே தெரியாது. அழகி, பாபான்னு அதுக்கு அப்புறம்தான் வரிசையா வந்தாரு. அதனால தியேட்டர்ல உக்காந்திருந்த ஒருத்தருக்கும் "ஓ இவரா"ன்னு தோணுறதுக்கு வழியே இல்ல. தெரியாத மூஞ்சியா இருந்தா பாக்குறவன் அத அப்படியே பாரதின்னு எடுத்துக்குவான். 1982ல வந்த காந்தி படத்துல பென் கிங்ஸ்லிக்கும் இதேதான் நடந்துச்சு. அவரு மேடை நடிகர், சினிமாவுல பெருசா தெரியாத ஆளு, அப்பா குஜராத்தி வம்சம், பொறந்தப்போ வச்ச பேரு கிருஷ்ண பண்டிட் பான்ஜி. உலகம் பூரா ஜனங்க அவர முதல்ல பாத்ததே காந்தியாதான். டைரக்டர் அட்டன்பரோ ஒரு பெரிய ஸ்டார போட்டிருந்தாலும் அந்த எட்டு ஆஸ்கார் கெடச்சிருக்கலாம், ஆனா இன்னிக்கு நம்ம ஊரு பிள்ளைங்க பாதிப்பேரு காந்தின்னா மனசுல நெனக்கிற மூஞ்சி அதுவா இருந்திருக்காது.

இப்ப சிவாஜி ரசிகர்கள் சண்டைக்கு வருவீங்க. வாங்க, நானும் சிவாஜி ரசிகன்தான். 1961ல பந்துலு எடுத்த கப்பலோட்டிய தமிழன்ல வ.உ.சி.யா வந்தாரே, சிவாஜிக்கு அப்போ 33 வயசு, வ.உ.சி. 1908ல ஜெயிலுக்குப் போனப்போ அவருக்கு வயசு 35, அந்தக் கணக்கு கூட பொருந்துது. செக்கு இழுக்குற காட்சிய பாத்து எங்க வீட்டுல அழாத ஆளே கெடையாது. ஆனா உருவ ஒத்துமைன்னு கேட்டா, நான் அங்க பாக்குறது சிவாஜியத்தான். சிவாஜி பட்ட வேதனைலேர்ந்து வ.உ.சி. பட்ட வேதனைக்கு என் மனசு போகுது, அது வேற வழி. அதே படத்துல பாரதியா எஸ்.வி. சுப்பையா வருவாரு, எங்கப்பாவுக்கு ஷிண்டே வர்ற வரைக்கும் பாரதின்னா சுப்பையாதான்.

ஞான ராஜசேகரன் ஐ.ஏ.எஸ். அதிகாரியா இருந்தவரு, இந்த மாதிரி நிஜ மனுஷங்க கதைய மூணு எடுத்திருக்காரு. பாரதிக்கு அப்புறம் 2007ல பெரியார், சத்யராஜ். இங்க கதை தலைகீழ், ஊரே அறிஞ்ச மூஞ்சி, உசரமும் ரொம்ப ஜாஸ்தி. தாடி வச்சதும் அது ஒரு மாதிரி அடங்கிப் போச்சு, அதுக்கு மேல பாதி வேலைய செஞ்சது அவரோட நம்பிக்கை. சத்யராஜ் நிஜத்துலயே கடவுள் மறுப்பு பேசுற ஆளு, அதனால அந்த வசனமெல்லாம் அவரு வாய்லேர்ந்து வரும்போது மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மாதிரி இல்ல, வீட்டுல தினமும் பேசுறத மேடைல பேசுற மாதிரி இருந்துச்சு. வயசான பெரியார் உக்காந்துக்கிட்டு பேசுற காட்சிகள பாருங்க, இளவயசு காட்சிகள விட அதுதான் எனக்கு பெரியாரா தெரிஞ்சுது.

மூணாவது 2014ல ராமானுஜன். நடிச்சது அபினய், சாவித்திரி ஜெமினி கணேசனோட பேரன். எனக்கு இந்தப் படத்துல நடிப்பு மேல குறை இல்ல, உருவத்துலதான் மனசு ஒட்டல. ஏன்னா ராமானுஜன் எப்படி இருந்தாருன்னு நேர்ல பாத்தவங்க எழுதி வச்சிருக்காங்க. நெல்லூர் கலெக்டரா இருந்த ராமச்சந்திர ராவ் அவர முதல்முதலா பாத்தத எழுதும்போது, குள்ளமா, தடிச்ச உடம்பா, சவரம் பண்ணாம, அவ்வளவு சுத்தமும் இல்லாம ஒரு உருவம் வந்து நின்னுச்சு, ஆனா கண்ணு மட்டும் பளபளன்னு இருந்துச்சுன்னு சொல்றாரு. மறுபடியும் கண்ணு! இத படிச்சுட்டு 2015ல ராமானுஜன பத்தி வந்த இங்கிலீஷ் படத்துல தேவ் பட்டேல பாத்தா, நெட்டையா ஒல்லியா மாடல் மாதிரி ஒரு பையன் கேம்பிரிட்ஜ் புல்தரைல நடந்து போறாரு. நல்ல நடிகர்தான், இல்லைங்கல, ஆனா கும்பகோணத்துல வளந்த அந்த குள்ளமான உருண்டை மனுஷன அழகாக்கித்தான் காட்டணும்னு யாரோ முடிவு பண்ணிருக்காங்க, எனக்கு அது வருத்தமா இருக்கு. அந்த உடம்போட, அந்த அழுக்கு வேட்டியோட வந்து நின்னதுக்குள்ளதான அவ்வளவு கணக்கும் இருந்துச்சு, அத ஏன் மறைக்கணும்?

சாவித்திரி பேரு வந்துருச்சு, அதனால கீர்த்தி சுரேஷ். 2018ல தெலுங்குல மகாநடி, தமிழ்ல நடிகையர் திலகம்னு வந்துச்சு, சாவித்திரி வாழ்க்கைக் கதை. கீர்த்தியோட மூஞ்சி சாவித்திரி மூஞ்சி இல்ல, சாவித்திரிக்கு கன்னம் வேற, சிரிக்கும்போது விரியிற விதம் வேற. ஆனா ஒரு இடம் இருக்கு. 1957ல வந்த மாயாபஜார்ல கடோத்கஜன் சசிரேகா உருவத்துல வந்து உக்காருவான், அதாவது சாவித்திரி உடம்புக்குள்ள, கடோத்கஜனா நடிச்ச ரங்காராவ் இருக்கற மாதிரி நடிக்கணும், சாவித்திரி அந்தப் பாட்டுல ஒரு பொண்ணா இருந்துக்கிட்டே ரங்காராவோட நெஞ்சு நிமித்தலையும் கைவீச்சையும் காட்டுவாங்க. அத மகாநடில கீர்த்தி திரும்ப செய்யணும். ரங்காராவ் மாதிரி செய்யிற சாவித்திரி மாதிரி செய்யணும், மூணு ஆள் ஒரு உடம்புல. நான் ரெண்டு படத்தையும் போன்லயும் டிவிலயும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு பாத்தேன், தோள்பட்டைய தூக்குற நேரம் கூட ஒத்துப்போகுது. மூஞ்சி ஒத்துப்போகாதத அந்தத் தோள்பட்டை சரிக்கட்டிருச்சு. தேசிய விருது குடுத்தாங்க, சரியாத்தான் குடுத்தாங்க.

எம்.ஜி.ஆர். வேஷம் பத்தி சுருக்கமா சொல்லிட்டு போயிடறேன். கடைல அதிகமா வாடகைக்கு போனது அதுதான், வெள்ளைத் தொப்பி, கருப்புக் கண்ணாடி, தோள்ல துண்டு, உள்ள யாரு இருந்தாலும் எம்.ஜி.ஆர்.தான். 2021ல தலைவி படத்துல அரவிந்த் சாமி அந்த கெட்டப்புல நிஜமாவே நல்லா இருந்தாரு. ஆனா 1997ல இருவர் படத்துல மோகன்லால் சாயலே இல்லாம, எம்.ஜி.ஆர்.ங்கற பேரு கூட இல்லாம ஆனந்தன்னு ஒருத்தரா வந்து, கூட்டத்துக்கு முன்னாடி கைய தூக்குற அந்த ஒரு நொடில எனக்கு புல்லரிச்சுது.

அம்பேத்கர் வேஷத்துல மம்மூட்டிய கட்டாயம் சொல்லணும். மீசை இல்லாத மம்மூட்டி, வட்டக் கண்ணாடி, அந்த அகலமான நெத்தி. ஜப்பார் பட்டேல் எடுத்த இங்கிலீஷ் படம், தேசிய விருது வாங்கியும் தமிழ்ல டப் ஆகி தியேட்டருக்கு வர 2010 ஆயிருச்சு, அதுவும் கோர்ட்டுக்கு போயி. எங்க ஊருக்கு வரவே இல்ல.

கடைசியா காமராஜர். எங்கப்பா தொழில்ல பயந்த ஒரே வேஷம் இது. ஏன்னா ஒட்டுறதுக்கு ஒண்ணுமே கெடையாது. முண்டாசு இல்ல, தாடி இல்ல, கண்ணாடி இல்ல, தடி இல்ல. தொளதொளன்னு ஒரு வெள்ளை அரைக்கை சட்டை, வேட்டி, துண்டு. தலைய வழிச்சு விட்டு, மேலுக்கு கருப்பு பூசி, சட்டைக்குள்ள துணி வச்சு பெருக்கினாலும் பிள்ளைங்க கவுன்சிலர் மாதிரிதான் தெரிவாங்கன்னு பெத்தவங்களே சொல்லுவாங்க. எங்க ஊருக்காரரு வேற, அவர நேர்ல பாத்த கெழவன் கெழவிங்க தெருவுக்கு நாலு பேரு இருந்த காலம், தப்பா போட்டா கேப்பாங்க.

2004ல காமராஜ் படம் வந்துச்சு, ரிச்சர்ட் மதுரம்னு ஒருத்தர் நடிச்சாரு. நாங்க அத டிவில போட்டப்பதான் பாத்தோம். எங்க அப்பத்தா அவங்க ஊருக்கு பள்ளிக்கூடம் தெறக்க வந்த காமராஜர சின்னப் பொண்ணா இருந்தப்போ கிட்டத்துல பாத்தவங்க, தண்ணி சொம்ப வாங்கி அண்ணாந்து குடிச்சாருன்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு அப்போ கண்ணு சரியா தெரியாது, வெத்தலை இடிச்சுக்கிட்டு டிவிக்கு முதுக காட்டி உக்காந்திருந்தாங்க. திரும்பி பாத்தாங்க. இடிக்கிறத நிறுத்திட்டு, உலக்கைய கீழ வச்சுட்டு, தரைல கைய ஊனி மெதுவா எழுந்து நின்னாங்க, முந்தானைய இழுத்து தோள்ல போத்திக்கிட்டு. அப்பா "ஆத்தா, அது படம்"ன்னாரு. "தெரியும்டா, நீ சும்மா இரு"ன்னு சொல்லிட்டு அந்தக் காட்சி முடியிற வரைக்கும் அப்படியே நின்னாங்க.