தடித்தடி நாவல்களும் ராத்திரி ரீல்ஸும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நன்னிலம் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். வீடு கும்பகோணம். கல்லூரி நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வார இதழ்த் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துத் தைத்து வைப்பார். இப்போது கண் சரியில்லை என்று படிப்பதை விட்டுவிட்டார். எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கம் தாண்ட முடியவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தால் ரீல்ஸ் பார்த்தே பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. தஞ்சாவூர்ப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய தடித்தடி நாவல்கள் பிரிக்காமலே கிடக்கின்றன. மனிதனின் கவனம் தங்கமீனைவிடக் குறைந்துவிட்டது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். என் மூளை நிஜமாகவே கெட்டுப்போய்விட்டதா? கிண்டில் வாங்கினால் சரியாகுமா? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தத் தங்கமீனை ஆற்றில் விட்டுவிடுவோம். மனிதனுக்கு எட்டு விநாடி, மீனுக்கு ஒன்பது என்ற கணக்கு, 2015-ல் மைக்ரோசாஃப்டின் கனடா பிரிவு வெளியிட்ட ஓர் அறிக்கையிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன பத்திரிகையாளர்களுக்கு அதன் அடியில் உருப்படியான ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் பயிர்க்கடன் நேரத்தில் நாள் முழுக்கச் சிட்டாவும் அடங்கலும் பார்க்கிறவர். சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு விட்டுப்போனாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற ஆள். எட்டு விநாடிக் கவனத்தில் அந்த வேலை நடக்குமா? உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

போனுக்கு முடிவு கிடையாது, அதுதான் விஷயம். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடியில் ‘போதும்’ என்று எழுந்துவிடலாம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை 2006-ல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின். அதற்காகப் பின்னால் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். உங்கள் அம்மா தைத்து வைத்த தொடர்கதைகளில் வாராவாரம் ஒரு நிறுத்தம் இருந்தது. படித்தாயிற்றா, இதழை மூடிவிட்டு உலையைப் பார்க்கப் போகலாம். ரீல்ஸில் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள்.

நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த ஆளிடம் ராத்திரி பத்து மணிக்குத் தொள்ளாயிரம் பக்க நாவலைக் கொடுத்தால், யாராக இருந்தாலும் போனைத்தான் எடுப்பார்கள். உங்கள் அலமாரியில் இருப்பவை நீங்கள் படிக்க ஆசைப்பட்டவையா, படித்தாக வேண்டும் என்று யாரோ சொன்னவையா? புத்தகத் திருவிழாவில் வாங்குவதில் பாதி இரண்டாவது ரகம்.

உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இதற்கு என்றைக்கோ விதி எழுதி வைத்துவிட்டார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனார். ஆரம்பத்தில் அந்த வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடப் பார்த்தார் என்பது வேடிக்கை. அவருடைய ஐந்து விதிகள் 1931-ல் நூலாக வந்தன. நூலகர்களுக்காக எழுதியவைதான், ஆனால் முதல் விதி உங்கள் அலமாரிக்கும் பொருந்தும்: புத்தகம் பயன்படுத்துவதற்கே. நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. ஐம்பது பக்கத்தில் ஒரு நாவல் இழுக்கவில்லையென்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடிவிடுங்கள். வேறு ஆளிடம் கொடுங்கள், அவருக்கு அது பிடிக்கலாம்.

அதே 1931-ல், அக்டோபர் மாதம், மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில் ஒரு மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் புத்தகம் வண்டியேறிப் போனது. இந்தச் செய்தியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வண்டி திரும்ப வரும், புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்துக்கு அந்த நெருக்கடி கிடையாது. அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். இரவல் புத்தகத்துக்குக் கெடு உண்டு. ஆகவே கொஞ்ச நாளைக்குப் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிட்டுக் கிளை நூலகத்துக்குப் போங்கள். வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, எப்போது படிப்பது? பஸ்ஸில் படியுங்கள் என்று சொல்லமாட்டேன். நாச்சியார்கோவில் தாண்டுவதற்குள் தலை சுற்றும். அம்மாவைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, வழி அங்கேதான் இருக்கிறது. அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

திருவையாற்றில் என் அத்தை வீட்டில் வார இதழ் வந்தால் யார் முதலில் படிப்பது என்று சண்டை வரும். ஒருத்தர் உரக்கப் படிப்பது, மற்றவர்கள் கேட்பது என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரும்பாலும் படிக்கிற ஆள் நான். கூடத்தில் முறத்தைச் சுற்றி நாலு பேர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். மாமியார் பேசினால் மாமியார் குரலில் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். வர்ணனையைத் தாவினால் அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிடும். கெட்டவன் வந்தால் “கட்டைல போறவன்” என்று திட்டிவிட்டு, “ம், அப்புறம்?” என்பார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது.

மௌனமாகப் படிக்கும்போது கண் பாட்டுக்கு வரியில் ஓடும், மனசு வேறெங்கோ இருக்கும். உரக்கப் படித்தால் அந்த ஏமாற்று நடக்காது. எதிரே ஒருவர் கதைக்காகக் காத்திருக்கும்போது கை போனுக்கும் போகாது. நாவல் வேண்டாம், சிறுகதையில் ஆரம்பியுங்கள். அரைமணி நேரத்தில் ஒன்று முடிந்துவிடும். கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, எம்.வி. வெங்கட்ராம் எல்லாரும் உங்கள் கும்பகோணத்துக்காரர்கள்தானே. போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டு உட்காருங்கள். அம்மா டிவி சீரியல் பார்ப்பவர் என்றால் அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். சீரியலோடு மோதினால் தோற்பது நீங்கள்தான்.

கிண்டில் நல்ல கருவிதான், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ரீல்ஸும் வராது. ஆனால் படிக்கிற பழக்கம் திரும்புவதற்கு முன்னால் வாங்கினால் அதுவும் அந்த நாவல்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். அதுவரை மின்நூல்தான் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையதளத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொன்று. அம்மாவுக்குக் கண் சரியில்லை என்பது என்ன என்று டாக்டரிடம் காட்டினீர்களா? வயதானவர்களுக்குப் பல சமயம் அது வெறும் புரையாக இருக்கும், அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கதை படித்துக் காட்டுவதைச் சாக்காக வைத்து இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. சங்கத்துக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதானே, அன்றைக்கே போய் உறுப்பினராகிவிடுங்கள்.

அன்புடன்.