ஆஸ்காரும் ஃப்ளவர்ஹார்னும் ஒரே தொட்டியில் இருக்குமா?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் விளையில் சிமென்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வீட்டு முன்னறையில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் இரண்டு ஆஸ்கார், ஒரு ஃப்ளவர்ஹார்ன், ஒரு ஜாக் டெம்சி. குஞ்சாக விட்டபோது ஒற்றுமையாக இருந்தன. இப்போது ஓயாத சண்டை. ஜாக் டெம்சிக்கு வால் கிழிந்து, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தே வளர்க்க வழி இருக்கிறதா சார்? கூடவே இரண்டு கரிமீன் விடலாமா?

பதில்: நான்கையும் சேர்த்து இந்தத் தொட்டியில் வளர்க்க முடியாது. முதல் வேலையாக ஃப்ளவர்ஹார்னை இன்றைக்கே தனியாக எடுத்துவிடுங்கள். அது காட்டு மீன் கிடையாது. சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் நடு அமெரிக்க இனங்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கியது. அந்த இனங்களின் முரட்டுத்தனம் அப்படியே இதற்கும் வந்திருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே விரலை நீட்டினாலே முட்ட வருகிற மீனுக்குத் துணை தேட வேண்டாம்.

அடுத்து ஆஸ்கார்கள். இரண்டையும் சும்மா உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். தட்டையான கல் ஒன்றை வாயால் மாறி மாறிச் சுத்தம் செய்கின்றனவா? மணலைத் தோண்டித் துப்புகின்றனவா? ஒன்றின் வாயை ஒன்று கவ்விக்கொண்டு இழுக்கின்றனவா? அடிவயிற்றில் சின்னக் குழாய் போல ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் முட்டையிட நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஆஸ்காரில் ஆண், பெண்ணை நிறத்தையோ துடுப்பையோ வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் குழாயைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்: பெண்ணுக்குத் தடித்து மழுங்கலாகவும், ஆணுக்கு மெலிந்து கூராகவும் இருக்கும். இந்த அடையாளங்கள் தெரிந்தால் உங்களிடம் இருப்பது ஜோடி. ஜோடி சேர்ந்த பிறகு அந்த நாலு அடியும் அவற்றுக்குத்தான் சொந்தம், மற்ற மீன் எங்கே நின்றாலும் அத்துமீறல். குஞ்சில் அமைதியாக இருந்ததும் இதனால்தான்: அப்போது காக்க எல்லையும் இல்லை, முட்டையும் இல்லை.

இடக் கணக்கையும் பாருங்கள். உங்கள் தொட்டி 9 கன அடி, நிரம்ப ஊற்றினாலும் ஏறத்தாழ 255 லிட்டர். ஓர் அடி நீளம் வளரும் ஆஸ்கார் இரண்டுக்கே இது நெருக்கடி. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 680 லிட்டர் வரும். அதில் இரண்டு ஆஸ்கார், ஜாக் டெம்சி, கூட்டமாக நீந்தும் சில்வர் டாலர் ஆறு என்று வைத்துப் பார்க்கலாம். ஆஸ்கார் ஜோடியாகிவிட்டால் அதுவும் உத்தரவாதமில்லை. மாற்றும்போது கல், மரக்கட்டையை எல்லாம் இடம் மாற்றி, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை தெரியாதபடி மறைவு வையுங்கள். சாதுவான மீனை முதலிலும் அடிக்கிற மீனைக் கடைசியிலும் விடுங்கள். விட்டவுடன் விளக்கை அணைத்துவிடுங்கள்.

நிறைய மீன் போட்டால் அடி பங்கிட்டுப் போகும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சின்னச் சிக்லிட்களுக்கு, நல்ல ஃபில்டர் இருந்தால், அது ஓரளவு சரி. ஓர் அடி மீனில் அதைச் செய்தால் சண்டை குறைவதற்கு முன்னால் தண்ணீர் கெட்டுவிடும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது குறைந்தபட்சம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் காற்று ஓடவிட்டு ஊற்றுங்கள். அப்புறம், ஐப்பசி மழையில் கரண்ட் போனால் பெரிய மீன்தான் முதலில் மேலே வந்து வாயைப் பிளக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஜாக் டெம்சியைத் தனித் தொட்டிக்கு மாற்றி, 100 லிட்டருக்கு 200 கிராம் கல் உப்பைக் கரைத்து இரண்டு தவணையாகச் சேருங்கள். கிழிந்த துடுப்பு தண்ணீர் சுத்தமாக இருந்தாலே வளர்ந்துவிடும். புண்ணில் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்தால் பூஞ்சை என்று வைத்துக்கொண்டு உடனே மருந்து பார்க்க வேண்டும். விற்காத கப்பி, கோல்ட்ஃபிஷ்ஷை இரையாகப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். நோய் அந்த வழியாகவும் நுழையும். பெல்லட், உரித்த இறால், மண்புழு போதும்.

கரிமீனும் சிக்லிட்தான். இந்தியாவில் இயற்கையாக வாழும் மூன்று சிக்லிட்களில் ஒன்று. ஆனால் முக்கியமாகப் பாசியும் செடியும் தின்று வாழும் மீன், ஆஸ்காரிடம் அடிவாங்கியே சாகும். தேங்காய்ப்பட்டணம் பொழியில் (ஆறு கடலில் சேரும் இடத்தில்) பிடித்ததைக் கொண்டு வந்தால் ஒட்டுண்ணியும் கூட வரலாம். ஆசை இருந்தால் தனி சிமென்ட் தொட்டியில் விடுங்கள். நம் ஊரில் சாப்பாட்டு மீனாகவும் விலை போகும்.

இடம் போதவில்லை என்று ஆஸ்காரையோ ஃப்ளவர்ஹார்னையோ பக்கத்துக் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் டேங்க் கிளீனர் மீன் நீர்நிலைகளில் பெருகியது அப்படித்தான். ஆஸ்கார் ஜோடி உறுதியானால் ஒரு சிமென்ட் தொட்டியை ஒதுக்கி, அடியில் வழவழப்பான கிரானைட் துண்டு ஒன்றைப் போடுங்கள். ஒரு தடவைக்கு ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும், மூன்று நான்கு நாளில் பொரியும். முதல் ஈட்டைத் தாய் மீனே தின்றுவிட்டால் பதறாதீர்கள், இளம் ஜோடிகளில் அது சகஜம்.