தூக்கத்தில்கூட ஆட வருகிறதா? அங்கேதான் சிக்கல்

கேள்வி: எனக்கு 62 வயது. பெயர்கள், சாமான் வைத்த இடம் எல்லாம் அடிக்கடி மறக்கின்றன. 'வயதுக்கு உரியதுதான்' என்கிறார் டாக்டர். நடனம் நல்லது என்றார்கள். ஆறு மாதமாக ஒரே வீடியோவைப் போட்டுத் தினமும் அரை மணி நேரம் ஆடுகிறேன். இப்போது தூக்கத்தில்கூட ஆடிவிடுவேன். மனசு லேசாக இருக்கிறது. மறதி மட்டும் அப்படியே. ஏன்?

பதில்: புது ஸ்டெப் பழகும்போது அடுத்து எந்தக் கால், எந்தப் பக்கம், எத்தனையாவது தாளம் என்று மூளை ஒரே நேரத்தில் பல கணக்குப் போடுகிறது. கை வந்துவிட்டால் அது வெறும் பழக்கம். அதன்பின் உடற்பயிற்சியும் உற்சாகமும் மிச்சம். அதுவும் லாபம்தான், ஆனால் நினைவுக்கு வேலை குறைந்துவிடுகிறது.

ஜெர்மனியில் மாக்டபுர்க் நகரில் முதியவர்களை வைத்து 18 மாதம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு குழு திரும்பத் திரும்ப அதே அசைவுகள் கொண்ட உடற்பயிற்சி செய்தது. இன்னொரு குழு புதுப்புது நடனங்களைக் கற்றுக்கொண்டே இருந்தது. மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இரண்டு குழுவிலும் வளர்ந்தது. உடல் சமநிலை தேறியது நடனக் குழுவுக்குத்தான். சிறிய ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உடலசைவுள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஆடியவர்களுக்கு மட்டுமே டிமென்ஷியா (மறதி நோய்) குறைவாக வந்தது. ஆனால் மூளை தெளிவாக இருந்தவர்கள்தான் விடாமல் ஆடினார்களோ என்னவோ! தடுப்பு மருந்து என்று அடித்துச் சொல்ல முடியாது.

இனி இப்படிச் செய்யுங்கள். புது நடனம் ஒன்றை எட்டுத் தாளத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்; நாளுக்கு ஒரு துண்டு, மொத்தம் நான்கு. மறுநாள் வீடியோவைப் போடாமல் முதலில் நினைவிலிருந்து ஆடிப் பாருங்கள். தடுமாறுவீர்கள். அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி. திரையைப் பார்த்தபடியே ஆடினால் மூளை நகல் எடுக்கிறதே தவிர நினைவுபடுத்திப் பார்ப்பதில்லை. 32 தாளமும் தொடர்ந்து மூன்று முறை பிசகாமல் வந்தால், வலக்காலுக்குப் பதில் இடக்காலில் தொடங்குங்கள். பிறகு வேறு பாட்டு. இரண்டு வாரத்தில் புது அமைப்புக்கு மாறுங்கள்.

பாட்டின் வேகம் சாதாரண நடைக்கு மேல் வேண்டாம். வேகம் கூடினால் யோசிக்க நேரமில்லாமல் கால் குத்துமதிப்பாக ஓடும். திரும்பும்போது பாதத்தை ஊன்றியபடி உடலை மட்டும் திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்; குதிகாலைத் தூக்கி, பாதத்தோடு சேர்ந்து திரும்புங்கள். தெரிந்த வழி மறந்தாலோ, பணக்கணக்கு குழம்பினாலோ நடனத்தை நம்பி இருக்காமல் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. பலரோடு ஒரே தாளத்தில் ஆடுவது தனிமையையும் குறைக்கும். ஆனால் பின்வரிசையில் நிற்காதீர்கள், கண் தானாக முன்னால் ஆடுபவரின் காலுக்குப் போய்விடும்.