மட்டக்களப்பு, கல்லடிக் கிணற்றில் உப்பு: இன்னொரு வளையம் இறக்கலாமா?

இறக்க வேண்டாம். ஆவணியில் உப்புக் கரிக்கும் பத்தடிக் கிணற்றை ஆழப்படுத்தினால் உப்பை நோக்கித்தான் போவீர்கள்.

உங்கள் வளவு கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல். மாரி மழையில் ஊறிய நன்னீர் அதற்குள் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் உப்பு அந்த 40 அடியும் ஏறப் பார்க்கும். எனக்குச் சந்தேகம், சித்திரையில் நீங்கள் பூட்டிய அந்தப் புது மோட்டார் மேல்தான். 2004 சுனாமிக்குப் பின் கிணற்றைத் துப்புரவாக்குகிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்து, உப்பை நாமே மேலே இழுத்த ஊர் இது.

ஒன்று செய்து பாருங்கள். விடியற்காலையில், மோட்டார் போடுமுன், வாளியால் மேல்தண்ணீரை மெதுவாக அள்ளி ஒரு போத்தலில் எடுங்கள். ஒரு மணி நேரம் இறைத்தபின் இன்னொரு போத்தல். இரண்டாவது கூடுதலாகக் கரித்தால் மோட்டார்தான் காரணம். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் இறைத்துத் தாங்கியில் சேமியுங்கள். குழாயின் வாயையும் அடியிலிருந்து உயர்த்துங்கள்.

இரண்டும் ஒரே அளவு கரித்தால் இந்த வைத்தியம் பலிக்காது, மாரி வரும்வரை பொறுக்க வேண்டியதுதான். காய்ச்சினாலும் உப்பு போகாது, இன்னும் செறியும். மலசலகூடக் குழி பக்கத்தில் இருந்தால், கரிக்காத தண்ணீரையும் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள்.