நாள் தள்ளிப்போனதா, இல்லையா?

கேள்வி: திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. எனக்கு மாதவிலக்கு 32 நாளிலும் வரும், சில மாதம் 40 நாளும் ஆகும். இன்று 33-ம் நாள். மார்பு கனக்கிறது, ஒரே அசதி. நேற்று கார்டு டெஸ்ட் செய்ததில் ஒரு கோடுதான் வந்தது. மாமியாரோ, ‘அஞ்சு நாள் தள்ளிப்போச்சு, உன் முகமே சொல்லுது’ என்கிறார். எதை நம்புவது? அவரிடம் என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.

பதில்: முதலில் அந்த ‘அஞ்சு நாள்’ கணக்கைப் பார்ப்போம். உங்கள் மாமியார் 28 நாளை வைத்து எண்ணுகிறார். உங்களுக்கு 40 நாள்கூட ஆகும் என்றால், இந்த மாதம் நாள் தள்ளிப்போய்விட்டது என்று இப்போதே சொல்ல முடியாது.

கருமுட்டை வெளியாவது, அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. 40 நாள் சுழற்சி என்றால் ஏறக்குறைய 26-ம் நாள். கரு உருவாகி கருப்பையில் ஒட்டிக்கொள்ள அதன் பிறகு 6 முதல் 10 நாள் ஆகும். ஒட்டிய பிறகுதான் எச்சிஜி என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். கார்டு தேடுவது அதைத்தான். ஆக, நேற்று வந்த ஒற்றைக் கோட்டை வைத்து ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். சீக்கிரம் பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மார்பு கனப்பும் அசதியும்? கருமுட்டை வெளியானதும் ஒவ்வொரு மாதமும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் கூடுகிறது, கரு தங்கினாலும் தங்காவிட்டாலும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் வரும் அதே வலி, அதே சோர்வு, அதே எரிச்சல்தான் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் வரும். எத்தனை கவனமாகக் கவனித்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்தும் முடியாது, நாடி பிடித்தும் முடியாது. சினிமாப் பாட்டிகளுக்கு மட்டும் எப்படியோ முடிகிறது! மசக்கை வாந்தி பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் ஆரம்பிக்கும், அதுவும் எல்லோருக்கும் வராது.

ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள். இந்த நாட்களில் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ ரத்தம் லேசாகப் பட்டு, ஓரிரு நாளில் நின்றுவிட்டால், அதை மாதவிலக்கு என்று எழுதிவிடாதீர்கள். கரு ஒட்டும் சமயத்தில் சிலருக்கு அப்படி வரும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், காலாவதி ஆகாத கார்டு. அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்துக்குள் வரும் கோடு மங்கலாக இருந்தாலும் ‘ஆம்’தான். வெகு நேரம் கழித்து, காய்ந்த பிறகு தெரியும் நிழல் கணக்கில்லை. கடைக்குப் போகச் சங்கடமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். கடைசியாகச் சேர்ந்திருந்து மூன்று வாரம் ஆன பிறகும் ஒற்றைக் கோடுதான் என்றால் பெரும்பாலும் கர்ப்பம் இல்லை. அப்போதும் மாதவிலக்கு வரவில்லையானால் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

இதற்கு நடுவில், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை முனையில் வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும், ரத்தப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், காத்திருக்க வேண்டாம். கரு, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால், தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவரைக் கேட்டு இப்போதே தொடங்கலாம். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் முதல் சில வாரங்களுக்கு அது தேவை. பலருக்கு அந்த வாரங்களில் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரண்டு கோடு வந்துவிட்டால் 12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள்.

மாமியாருக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டாம். ‘எனக்கு நாற்பது நாள் ஆகும் அத்தை, அடுத்த வாரம் பார்த்துச் சொல்றேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்குள் ஊருக்குப் போன் போட வேண்டாம் என்று உங்கள் கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.