டோல் சாலை யூனிட்டில் ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். நெடுஞ்சாலை 'இன்விட்' யூனிட் வாங்கினால் ஆண்டுக்கு 10% கிடைக்கும் என்கிறார் நண்பர். 5 லட்சம் ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்கிறது. அதை எடுத்து இதில் போடலாமா?

பதில்: முழுத் தொகையையும் போடாதீர்கள். ஒரு லட்சம் வரை சரி. அதுவும் இந்த 10% எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு.

இன்விட் என்பது பலரிடம் பணம் திரட்டிச் சாலை போன்ற திட்டங்களில் போடும் அமைப்பு; யூனிட் என்பது அதில் உங்கள் பங்கு. டோல் சாலை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. ஒப்பந்தக் காலம் வரை கட்டணம் வசூலிக்கும் உரிமை மட்டுமே இன்விட்டின் கையில் இருக்கிறது. காலம் முடிந்தால் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குத் திரும்பிவிடும். 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்த ஐஆர்பி இன்விட்டிடமிருந்து சூரத்–தஹிசர் சாலை 2022-ல் இப்படித்தான் திரும்பிப் போனது.

டெபாசிட் முதிர்ந்தால் அசல் கைக்கு வரும். இங்கே அசலும் வருமானத்தோடு சேர்ந்தே வந்துகொண்டிருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். 15 ஆண்டு ஒப்பந்தம் மீதமுள்ள ஒற்றைச் சாலை. நீங்கள் போட்டது ஒரு லட்சம், ஆண்டுக்கு வருவது 10,000. கடைசியில் யூனிட்டின் மதிப்பு பூஜ்யம். அப்படியானால் உங்களுக்குக் கிடைத்த உண்மையான லாபம் ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம்தான்! டோல் கட்டணம் ஆண்டுதோறும் உயர்வதால் நிலைமை இதைவிடச் சற்று மேலாகவே இருக்கும். ஆனாலும் அந்த 10 சதவீதத்தை வட்டி என்று நினைத்துச் செலவழித்தால், அசலைத்தான் தின்றுகொண்டிருப்பீர்கள்.

வசூலும் நிச்சயமில்லை. விவசாயிகள் போராட்டத்தின்போது 2020 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கு மேல் பஞ்சாப் சுங்கச்சாவடிகளில் வசூலே நடக்கவில்லை. ஐஆர்பி இன்விட்டின் அமிர்தசரஸ்–பதான்கோட் சாலையும் அதில் மாட்டியது. யூனிட் விலையும் அப்படித்தான்: 102 ரூபாய்க்கு வெளியான ஐஆர்பி இன்விட் யூனிட், அதற்கு முன்பே, கொரோனாவால் சந்தை சரிந்த 2020 மார்ச்சில் பாதி விலைக்கும் கீழே போனது.

எல்லாச் சாலையும் இப்படி இல்லை. 2016-ல் வந்த 'ஹாம்' முறையில் கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தை வேலை நடக்கும்போதே ஆணையம் கொடுத்துவிடும். மீதி 60 சதவீதம் வட்டியோடு 15 ஆண்டுகளுக்கு ஆறு மாதத் தவணைகளாக வரும். டோல் வசூல் ஆணையத்துக்கே போவதால், வண்டி குறைந்தாலும் தவணை நிற்காது. உங்களைப் போன்றவர்களுக்கு ஹாம் சாலைகள் அதிகமுள்ள இன்விட்தான் நல்லது என்பேன்.

வாங்கும் முன் ஆண்டறிக்கையில் ஒவ்வொரு சாலைக்கும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். அப்புறம் பட்டுவாடா விவரம்: வட்டி எவ்வளவு, டிவிடெண்ட் எவ்வளவு, மூலதனத்தைத் திருப்பித் தந்தது எவ்வளவு என்று பிரித்தே போட்டிருப்பார்கள். நண்பர் சொன்ன 10 சதவீதத்தில் அந்த மூன்றாவது பங்கு எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள்.

மீதி 4 லட்சம் டெபாசிட்டிலேயே தொடரட்டும்.