போர் முடிந்த பின்னும் வன்னியில் பலரது மனம் ஆறாதிருப்பது ஏன்?

மனநலம் தனிமனித உறுதியை மட்டும் பொறுத்ததன்று. உறவு, வருமானம், அயல் ஆகியவையும் அதனைத் தாங்குகின்றன. 2009 மே மாதத்தில் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, வட இலங்கையின் வன்னிப் பகுதியில் இவை ஒருங்கே சிதைந்திருந்தன. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதனைக் கூட்டு மனவடுவாக, அதாவது ஒரு சமூகம் முழுவதையும் தாக்கிய உளக்காயமாக ஆராய்ந்தார்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களில் இது மிகக் கூர்மையாகத் தெரிகிறது. மகனுக்கு அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியை செய்வதா, கணவனுக்காகப் பொட்டை அழிப்பதா என்று முடிவெடுக்க இயலாத நிலையில், மரணச் சான்றிதழைப் பெறுவதே தன் கையால் பிள்ளையைக் கொல்வதாக ஒரு தாய்க்குத் தோன்றக்கூடும். இக்குடும்பங்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் நீதிக்கானது. ஆயினும் ஒரே துயருடையோர் அருகருகே அமர்ந்திருப்பது அத்தாய்மாருக்கு ஓர் ஆறுதலாகவும் அமைந்தது என்றே கருதுகிறேன்.

பலர் மனக்குறையைச் சொல்லி வைத்தியசாலைக்கு வருவதில்லை; நெஞ்செரிவு, தலையிடி, நித்திரையின்மை என்று வந்து பனடோலுடன் திரும்புகின்றனர் (வரிசையின் நீளத்தைப் பார்த்தால் வைத்தியரையும் குறைகூற முடியாது). வாராவாரம் படலையில் வந்து நிற்கும் நுண்கடன் வசூலிப்பாளரை எந்த மாத்திரையும் அகற்றாது. ஆகவே கடன் நிவாரணத்தையும் மனநலச் சேவையின் பகுதியாகவே கொள்ள வேண்டும். உடனடி ஆலோசனை வேண்டுவோர் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.